வெள்ளையா, சாம்பலா

பூமாலை: ...அதனாலதான் சொல்றேன் சுபா. ஷோரூம்ல ஓட்டிப் பாக்கக் குடுத்த ரெண்டு வண்டியையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்திப் பாத்தாத்தான் எதை எடுக்கிறதுன்னு தெரியும். நீ அந்தச் சாம்பல் வண்டிய எடுத்துக்கினு இப்பவே கீழ வந்துடு.

சுபஸ்ரீ: இப்பவேவா? மாமா, நான் வெள்ளிமலைக்கு அந்தாண்ட இருக்கேன்.

பூமாலை: அந்தாண்டன்னா இன்னா, ஆகாசத்துலயா இருக்க? ஒண்ணரை மணி நேரம். நான் கவர்மெண்டு பஸ்ஸு ஓட்டினப்ப முக்கா மணியில எறக்குவேன். ஒரு தடவ இருபது நிமிஷத்துல எறக்கிட்டேன். கண்டக்டரு பாதிப் பேருக்கு டிக்கெட்டு கிழிக்கல, அதுக்குள்ள கச்சிராயபாளையம் வந்துடுச்சு.

சுபஸ்ரீ: போன தடவ சொன்னப்ப அரை மணின்னீங்க.

பூமாலை: அது மழை நாளு.

பாப்பாத்தி: கயிறு... கயித்தச் சொல்லுங்க.

சுபஸ்ரீ: அத்தை இன்னா சொல்றாங்க?

பூமாலை: ஒண்ணுமில்ல. துணி காயப் போடற கயிறு அறுந்து போச்சாம். வர்ற வழியில ஒண்ணு வாங்கிக்கினு வா. நல்ல தடியா, தேர் வடமாட்டம்.

சுபஸ்ரீ: துணி காயப் போடவா தேர் வடம்?

பூமாலை: ஜமுக்காளம்மா. நனைஞ்சா ஒண்ணே முக்கா டன்னு இருக்கும்.

சுபஸ்ரீ: மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க அந்த வெள்ளை வண்டிய இங்க எடுத்துக்கினு வாங்களேன். நீங்க ஓட்ட வேணாம். கூட வந்த ஷோரூம்காரர் வெற்றிவேல் ஓட்டட்டும். மலையில பாத்தாத்தான ரெண்டுத்தோட பவிசும் தெரியும்.

பூமாலை: வெற்றிவேலு கால் கழுவிக்கினு இருக்காரு.

சுபஸ்ரீ: கழுவி முடிச்சிட்டு வரட்டும்.

பூமாலை: முடிக்கிற மாதிரி தெரியல. தொடை வரைக்கும் கழுவறாரு.

சுபஸ்ரீ: ஏன்?

பூமாலை: கள்ளக்குறிச்சி ஷோரூம்ல ஏசியிலயே இருக்கிற ஆளு. சுத்தம் ஜாஸ்தி.

பாப்பாத்தி: அவருக்கு ஒரு ஷூ கெடைச்சிடுச்சாம். இன்னொண்ணத் தேடணுமாம்.

சுபஸ்ரீ: ஷூவத் தேடணுமா?

பூமாலை: நாய் கவ்விக்கினு போயிடுச்சு. நீ மத்ததெல்லாம் வுடு. மணி மூணு ஆயிடுச்சு. அஞ்சுக்கு என் மவன் சிவசங்கர் போன் பண்ணுவான். உன் புருஷன் காலையில இன்னா சொன்னான், ஞாபகம் இருக்கா?

சுபஸ்ரீ: நல்லா இருக்கு மாமா. அஞ்சு மணிக்கு வெள்ளையா சாம்பலான்னு சொல்லணும். ரெண்டு வண்டியையும் சேத்து நிறுத்தி ஒரு போட்டோ அனுப்பணும். ஒரு கீறல் இருக்கக் கூடாது. நீங்க ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, நான் தார் ரோட்டை வுட்டு எறங்கக் கூடாது.

பூமாலை: இல்லன்னா?

சுபஸ்ரீ: இல்லன்னா வண்டியும் கெடையாது, மலையும் கெடையாது. நான் உளுந்தூர்பேட்டை பக்கமா டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிக் கொடுத்துடணும். அவர் ஓசூர்லேந்து அதுக்கான பாரத்தையே நிரப்பி அனுப்பிட்டாரு. என் கையெழுத்துதான் பாக்கி.

பூமாலை: டிவி மேல இருந்துதே, அதான?

சுபஸ்ரீ: அதான். ஸ்கூட்டியில விழுந்து கையை ஒடச்சிக்கினது ஒரு தடவதான் மாமா. இந்த மலையில நாலு வருஷமா எத்தனை மாட்டுக்கு வைத்தியம் பாத்திருக்கேன், அதை அவர் கணக்குல எடுக்க மாட்டேங்கிறாரு. இந்த வண்டி வந்தா மழையோ வெயிலோ நான் பாட்டுக்குப் போயிட்டு வந்துடுவேன். அதுக்காகவாவது இன்னிக்கு ஒரு வம்பும் வரக் கூடாது.

பூமாலை: ஒரு வம்பும் இல்ல. இங்க ஒரு வம்பும் இல்ல. பாப்பாத்தி, நம்ம கிட்ட எதுனா வம்பு இருக்கா?

பாப்பாத்தி: இருக்கு. முட்டி வரைக்கும்.

பூமாலை: மூட்டு வலியச் சொல்றா.

சுபஸ்ரீ: சரி, வண்டி எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க.

பூமாலை: வெள்ளைதாம்மா எடுக்கணும். சந்தேகமே வேணாம். ராஜா.

சுபஸ்ரீ: காலையில சாம்பல்தான் ராஜான்னீங்க. வெள்ளையைப் பாத்தா ஆம்புலன்ஸாட்டம் இருக்குன்னீங்க.

பூமாலை: காலையில வயித்துல ஒண்ணும் இல்ல. வெறும் வயித்துல சொன்னதயெல்லாம் புடிச்சிக்காத. இப்ப சொல்றேன், வெள்ளை எவ்ளோ கனம் தெரியுமா? நிக்க வெச்சா நின்ன எடத்துல நிக்குது. நாலு ஆளு தள்ளினாலும் அசையல.

சுபஸ்ரீ: எதுக்கு நாலு ஆளு தள்ளினாங்க?

பூமாலை: ...பரீட்சைக்கு.

சுபஸ்ரீ: என்னைக் கேட்டா சாம்பல்தான் மாமா. இதோட உறுதி இருக்கே... தண்ணி உள்ள வரவே இல்ல. கதவு ரப்பரெல்லாம் அவ்ளோ நல்லா இருக்கு.

பூமாலை: வெயில் காலத்துல தண்ணி எங்கேருந்து வந்தது?

சுபஸ்ரீ: வண்டி கழுவினாங்க.

பூமாலை: நேத்துதான கழுவிக் கொடுத்தானுங்க.

சுபஸ்ரீ: மறுபடியும் கழுவினாங்க.

பூமாலை: அதான் சலசலன்னு கேக்குதா?

சுபஸ்ரீ: அது ஆஸ்பத்திரிக் குழாய் மாமா. மூட மறந்துட்டாங்க.

பூமாலை: ஒரு குழாயா? கோமுகி அணையத் தொறந்தா மாதிரி இருக்கு.

சுபஸ்ரீ: சிக்னல் சரியில்ல. அதான் சத்தம் பெருசாத் தெரியுது. உங்க பக்கம் இன்னா, சளக் சளக்குனு?

பூமாலை: அத்தை துணி துவைக்கிறா.

பாப்பாத்தி: நான் எங்க துவைக்கிறேன்? நடந்துக்கினு இருக்கேன்.

பூமாலை: நடந்துக்கினே துவைக்கிறா.

சுபஸ்ரீ: மாமா, விளையாட்டு போதும். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. ரெண்டுத்துலயும் ஏழு பேர் உக்காரலாம், ரெண்டும் டீசல், ரெண்டுத்துக்கும் ஆறு காத்துப் பை, ரெண்டுத்துலயும் நாலு சக்கரமும் தானா இழுக்கும். உசரத்துல ஒரு வெரக்கடை வித்தியாசம். எதனால வெள்ளை, அதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க.

பூமாலை: டிக்கி. வெள்ளையோட டிக்கியில பதினாறு பலாப்பழம் வைக்கலாம்.

சுபஸ்ரீ: வெச்சுப் பாத்தீங்களா?

பூமாலை: கண்ணுலயே அளந்தேன். பலாப்பழ விஷயத்துல என் கண்ணு தப்பாது. ஒரு தடவ வெள்ளிமலையிலேந்து பஸ்ஸுல நூத்தி எழுபது ஆளு, எண்பது பலாப்பழம், பன்னெண்டு ஆடு. ஒரு ஆடு கண்டக்டரு சீட்டுல உக்காந்து வந்துது. கண்டக்டரு நின்னுக்கினு வந்தாரு. அந்தப் பஸ்ஸோட பின் சீட்டுக்கும் இந்த டிக்கிக்கும்...

பாப்பாத்தி: அதக் குடுங்க இங்க. சுபா... நான் சொல்றேன் கேளு. வெள்ளையில சீட்டு மேல ஏறுது. பக்கத்துல ஒரு குச்சி இருக்கு, பம்பு அடிக்கிற மாதிரி அடிச்சா அடிக்க அடிக்க ஏறுது. என் உசரத்துக்கே முன்னாடி இஞ்சின் மூடி முழுசாத் தெரியுது.

சுபஸ்ரீ: அத்தை, டிரைவர் சீட்டு மட்டும்தான் அப்படி ஏறும். நீங்க எப்ப அதுல உக்காந்தீங்க?

பாப்பாத்தி: ...சும்மாத்தான். வண்டி நின்னுக்கினு இருந்தப்ப.

பூமாலை: கோயில் யானை மேல கொழந்தைய உக்கார வெச்சு எறக்குவாங்க இல்ல, அந்த மாதிரி உக்கார வெச்சு எறக்கினேன்.

பாப்பாத்தி: ஸ்டீயரிங்கும் ஒரு வெரலுக்குத் திரும்புது.

சுபஸ்ரீ: நின்ன வண்டியில அது எப்படித் தெரிஞ்சுது?

பாப்பாத்தி: மாமா சொன்னாரு.

சுபஸ்ரீ: அப்ப மாமா ஓட்டினாரா?

பூமாலை: நான் தொடல. என் இருபத்தாறு வருஷ பஸ்ஸு மேல சத்தியம். இந்தக் கை அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டிருந்தா எனக்கு வர்ற பென்ஷன் நின்னு போவட்டும்.

சுபஸ்ரீ: பென்ஷன் மேலயே சத்தியமா? சரி, நம்பறேன். அப்ப வெற்றிவேல் கிட்ட போனைக் குடுங்க. நான் அவரையே வரச் சொல்றேன்.

பூமாலை: சுபா, நீ வாம்மா. நான் சொல்றதக் கேளு. பெரியவன் கேக்கறேன்.

சுபஸ்ரீ: நீங்க வாங்க மாமா. சின்னவ கேக்கறேன்.

பூமாலை: உனக்கு வர்றதுக்கு இன்னா கஷ்டம்? எறக்கம்தான. பிரேக்குல காலை வெச்சா போதும்.

சுபஸ்ரீ: உங்களுக்கு இன்னா கஷ்டம்? கூட ஷோரூம்காரர் இருக்காரு.

பூமாலை: உன் கூட வந்த ஷோரூம் அம்மா எங்க?

சுபஸ்ரீ: பாறை மேல உக்காந்து இயற்கைய ரசிச்சிக்கினு இருக்காங்க.

பூமாலை: ஆஸ்பத்திரியில பாறை எங்க வந்துது?

சுபஸ்ரீ: ...ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி.

பாப்பாத்தி: ஏங்க, இன்னும் எவ்ளோ நேரம் சுத்தி வளைப்பீங்க? அது இன்னொரு வெரக்கடை எறங்கிடுச்சு. சொல்லிடுங்க.

சுபஸ்ரீ: எது எறங்கிடுச்சு?

பூமாலை: சொல்றேன். நீ உக்காந்துக்கினு கேளு.

சுபஸ்ரீ: எனக்கு உக்கார எடமில்ல, நின்னுக்கினே கேக்கறேன்.

பூமாலை: வெற்றிவேலு காலையில வந்து பேசினாரு பாரு, பேச்சு... நாலு சக்கரமும் இழுக்கும், சேறா இருந்தாலும் மணலா இருந்தாலும் இழுக்கும்னாரு. எந்தச் சக்கரத்துக்கு எவ்ளோ பலம் குடுக்கணும்னு வண்டியே முடிவு பண்ணுமாம். நான் கேட்டேன், தம்பி, தார் ரோட்டுல எல்லா வண்டியும்தான் போவுது, நாலும் இழுக்குதுன்னு நான் எப்படி நம்பறதுன்னு. அவரு ஸ்கிரீன்ல ஒரு படம் காட்டினாரு. படத்துல இழுக்குதுன்னு சொன்னா நான் ஒத்துக்குவனா? நம்ம மேட்டு வயல்ல நாத்து நட சேடை ஓட்டி, சேறாக் கலக்கித் தண்ணி கட்டி வெச்சிருக்கு இல்ல...

சுபஸ்ரீ: மாமா.

பூமாலை: டிராக்டரு ஓடற எடம்தான...

சுபஸ்ரீ: மாமா, நடவு வயல்லயா வுட்டீங்க?

பூமாலை: இந்தக் கோடிலேந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு சால் ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்னு நெனச்சேன். பொய் சொல்லக் கூடாது, ஒண்ணரை சால் போச்சு. அப்படியே அன்னப் பட்சியாட்டம். ரெண்டாவது சால்ல பாதி வயல்ல போயி உக்காந்துடுச்சு.

சுபஸ்ரீ: எவ்ளோ ஆழம்?

பூமாலை: கம்மிதான்.

பாப்பாத்தி: கதவு தொறக்க மாட்டேங்குது. ஜன்னல் வழியாத்தான் எறங்க வேண்டியதாப் போச்சு.

சுபஸ்ரீ: அதுல டயர் வேற ரோட்டு டயர் மாமா. டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் மாட்டி இல்ல சேடை ஓட்டுவாங்க.

பூமாலை: இப்பத் தெரியுது. வெற்றிவேலும் அதத்தான் சொல்லிக்கினே பின்னாடி ஓடி வந்தாரு. அதுல ஷூ போச்சு.

சுபஸ்ரீ: வேடியப்பன் அண்ணன் டிராக்டரக் கூப்பிட வேண்டியதுதான?

பூமாலை: அவனைக் கூப்பிட்டா டிராக்டருக்கு முன்னாடி போன்தான் வெளிய வரும். படம் புடிச்சு ஊர் குரூப்புல போடுவான். ஓசூருக்கு எட்டு செகண்டுல போயிடும். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ அந்தச் சாம்பல் வண்டிய எடுத்துக்கினு வந்தீன்னா, வரப்புல நிறுத்திக் கயித்தக் கட்டி ஒரே இழுப்பு. கழுவிப் பக்கத்துல நிறுத்தினா போட்டோவும் ஆச்சு. கோணி, தென்ன மட்டை, பழைய பாய், உன் டிரான்ஸ்ஃபர் பாரம்னு எல்லாத்தையும் டயருக்கு அடியில குடுத்துப் பாத்துட்டேன். ஏற மாட்டேங்குது.

சுபஸ்ரீ: டிரான்ஸ்ஃபர் பாரமா? அது எப்படி வயலுக்கு வந்துது?

பூமாலை: பாயோட ஒட்டிக்கினு வந்துடுச்சும்மா.

பாப்பாத்தி: ஒட்டிக்கினு ஒண்ணும் வரல. டிவி மேலேருந்து நான்தான் எடுத்துக்கினு வந்தேன். எதுக்காவது உதவட்டுமேன்னு.

பூமாலை: சுபா, கோவமா?

சுபஸ்ரீ: இல்ல மாமா. ஆனா என்னால வர முடியாது.

பூமாலை: ஏம்மா?

சுபஸ்ரீ: உங்களை மேல வரச் சொன்னதும் அதுக்குத்தான். கயிறு கூட கேக்கலாம்னு இருந்தேன், நீங்க முந்திக்கினீங்க.

பூமாலை: ...எங்க?

சுபஸ்ரீ: ஓடையில. நடு ஓடை. சக்கரம் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. பாறை மேல நின்னுதான் பேசிக்கினு இருக்கேன். ஷோரூம் அம்மா அழுதுக்கினு இருக்காங்க.

பூமாலை: நீ தார் ரோட்டுலதான போறேன்ன?

சுபஸ்ரீ: தார் ரோட்டுலதான் போனேன். போன் வந்துது. ஓடைக்கு அந்தாண்ட ஒரு வூட்டுல முதல் ஈத்துப் பசு, விடியக்காலமே வலி எடுத்து இன்னும் ஈனல. கன்னுத் தலை பின்னாடி மடங்கிக்கினு இருக்கு, நீங்க வேற வேலையா இருந்தா வாணாம் மேடம்னு மாட்டுக்கார அம்மா சொல்றாங்க. எப்படி மாமா வாணாம்னு இருக்கிறது? ஸ்கூட்டியா இருந்தா ஓடைக்கு இந்தாண்ட நிறுத்திட்டு ரெண்டு மைல் நடக்கணும். அதுக்குள்ள தாயும் போயிருக்கும், கன்னும் போயிருக்கும்.

பூமாலை: போவும்போது மாட்டிக்கிச்சா, வரும்போதா?

சுபஸ்ரீ: வரும்போதுதான். போவும்போது மெதுவாப் பாத்து வுட்டேன், ஏறிடுச்சு. வரும்போது... சந்தோஷத்துல கொஞ்சம் வேகமா வுட்டுட்டேன்.

பூமாலை: கன்னு?

சுபஸ்ரீ: உசுரோட இருக்கு. கெடேரி. எழுந்து நிக்குது.

பூமாலை: தாய்?

சுபஸ்ரீ: தவிடு தின்னுக்கினு இருக்கு.

பூமாலை: அப்ப சாம்பல்தான். பேச்சே இல்ல.

பாப்பாத்தி: என்னாங்க, இத்தினி நேரம் வெள்ளை ராஜான்னீங்க?

பூமாலை: ராஜா வயல்ல உக்காந்துக்கினு இருக்காரு. சாம்பல் போயி வேலைய முடிச்சிட்டு மாட்டிக்கினு இருக்கு. அது வேற, இது வேற. சுபா, வண்டி எடுக்க ஆளு வருதா?

சுபஸ்ரீ: கன்னுக்காரங்க ரெண்டு ஜோடி எருது ஓட்டிக்கினு வர்றாங்க. ஊரே வருது. அரை மணியில ஏத்திடலாம்னு சொல்றாங்க. கீறல் ஒண்ணும் விழல, நான் குனிஞ்சு தடவிப் பாத்துட்டேன்.

பூமாலை: ஏத்தினதும் நேரா இங்க வா. அப்படியே அந்தத் தேர் வடமும். இருட்டறதுக்குள்ள வெள்ளையையும் எடுத்துடலாம்.

சுபஸ்ரீ: அஞ்சு மணிக்கு அவர் போன் பண்ணுவாரே?

பூமாலை: நான் பேசிக்கிறேன். சாம்பல்னு முடிவு ஆயிடுச்சு, உன் பொண்டாட்டி இன்னிக்கு அந்த வண்டிய ஓட்டிக்கினு போயி ரெண்டு உசுரக் காப்பாத்திட்டு வந்தா, பாரம் நனைஞ்சு போச்சு, வேற பாரம் அனுப்பாதன்னு சொல்லிடறேன். ஓடையச் சொல்லிடலாம். மறைக்கிறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

சுபஸ்ரீ: வயலை?

பூமாலை: வயல் நம்ம குடும்ப விஷயம்.

சுபஸ்ரீ: வெற்றிவேலுக்கு?

பூமாலை: ஒரு மூட்டை பொன்னி, ஒரு ஜோடி ஷூ. ஷோரூம்ல உள்ளத உள்ளபடி நானே போயிச் சொல்றேன், கழுவற கூலியும் நம்மளுது. அந்த ஆளு வேலைக்கு ஒண்ணும் வரக் கூடாது.

சுபஸ்ரீ: சரி மாமா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இருபத்தாறு வருஷம் இந்த மலையில பஸ்ஸு ஓட்டினவரு நீங்க. சேத்துல எறங்கினா வேகம் கொறைக்கக் கூடாது, நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? எப்படிப் பாதி வயல்ல நிறுத்தினீங்க?

பூமாலை: வயசாவுது இல்லம்மா... கவனம் தப்பிடுச்சு.

சுபஸ்ரீ: பென்ஷன் மேல சத்தியம் பண்ணீங்களே, ஸ்டீயரிங்கைத் தொடலன்னு. அது?

பூமாலை: அது... பழியை யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும் இல்ல...

பாப்பாத்தி: குடுங்க போனை. உங்க பென்ஷனை எதுக்கு வம்புல மாட்டுறீங்க? சுபா, அவரு தொடல. அவரு வரப்பு மேல நின்னுக்கினு, வா வா, இன்னும் வான்னு பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்குக் காட்டற மாதிரி கையக் காட்டினாரு. ஒண்ணரை சாலும் ஓட்டினது நான்தான். வெற்றிவேலு பின்னாடி கத்திக்கினு வந்தாரா, இன்னா சொல்றாருன்னு கேக்கலாம்னு நிறுத்தினேன், அதான் தப்பு. மத்தபடி நல்லாத்தான் ஓட்டினேன். நீ இப்ப அந்த ஓடையில எறங்கி, சாம்பல் வண்டியில சீட்டை மேல ஏத்தற அந்தக் குச்சி இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லு.